தப்பு நோட்டுக் கோழிகள்

கரடிப்பாறை ஜங்ஷன் ரயில்வே காலனியில் முதல் கோழி விழுந்த அன்று மழையும் இல்லை, இடியும் இல்லை, யாருக்கும் கெட்ட கனவும் வரவில்லை. மத்தியானச் சங்கு ஊதி, ஒர்க்‌ஷாப் ஆட்கள் சாப்பாட்டுக்குச் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருக்க, மோனா ஆன்ட்டி வீட்டு முன்னறையில் அவர் மகள் ஷானன் தன் கிதாரில் ஜி கார்டிலிருந்து சி கார்டுக்கு, அதாவது ஒரு சுரக்கட்டிலிருந்து இன்னொன்றுக்கு, மாற, மேலே போகவும் தெரியாமல் கீழே வரவும் தெரியாமல் பாதி இழுத்த கம்பியோடு நான் நின்ற அந்த இடத்தில், என் ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் ஏதோ தொப்பென்று விழுந்து, எழுந்து, சிறகை உதறி, என்னை ஒரு கண்ணால் பார்த்து, "கொக்" என்றது.

ஷானன் வாசிப்பதை நிறுத்தவில்லை. "யாரு வீட்டுக் கோழிடா இது?" என்று மட்டும் கேட்டாள்.

"கிதார்லேர்ந்து விழுந்துச்சு" என்றேன்.

"கதவைச் சாத்துன்னு சொன்னா கேக்கணும்" என்றாள்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. என் பெயர் அறவாழி. பெயர் வைத்தவர் என்னைப் பார்ப்பதற்கு முன்பே வைத்துவிட்டார். பிளஸ் டூ படிக்கிறேன். அதாவது, பள்ளிக்கூடத்துக்குப் போய் வருகிறேன். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அடுத்தவர் குரல். ஹெட்மாஸ்டர் குரலில் லீவு விட்டிருக்கிறேன், பாதிரியார் குரலில் மோனா ஆன்ட்டிக்கு ஃபோன் போட்டு அடுத்த ஞாயிறு கோயிலுக்குத் தொப்பி போட்டு வரச் சொல்லியிருக்கிறேன், ஸ்டேஷன் அறிவிப்புப் பெண்மணியின் குரலில் "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று தொடங்கி ஒரு பாசஞ்சர் கூட்டத்தையே மூட்டை முடிச்சோடு படியேற வைத்து, எதிர்ப் பிளாட்பாரத்தில் இறக்கி, வண்டி முதல் பிளாட்பாரத்திலேயே வந்து நிற்பதைப் பார்த்து ரசித்திருக்கிறேன். அதனால் என் வாயிலிருந்து எது வந்தாலும் காலனி நம்பாது. பசிக்கிறது என்று நான் சொன்னால் என் அம்மாவே யார் குரல் என்று யோசிப்பாள்.

அப்படிப்பட்ட நான் கிதாரைத் தூக்கியதற்குக் காரணம், ஷானனின் அண்ணன் டெரிக்கின் கல்யாணம். எங்கள் காலனியில் பாதிப் பேர் ஆங்கிலோ இந்தியர்கள், அவர்களுக்குக் கன்ட்ரி மியூசிக் என்றால் உயிர். லாரி, விஸ்கி, குதிரை, விட்டுப் போன பெண்டாட்டி, இந்த நாலும் இல்லாமல் ஒரு பாட்டும் இருக்காது. குதிரை தவிர மற்றதெல்லாம் எங்களிடமும் உண்டு. கல்யாணத்தில் கேக் வெட்டியதும் ரயில்வே இன்ஸ்டிட்யூட் ஹாலில் மாப்பிள்ளையும் பெண்ணும் ஆட, பின்னாலேயே காலனி முழுக்க இறங்கி ஆட, பாட்டின் நடுவில் பாடுகிறவர் மைக்கை விட்டு ஒரு அடி பின்னால் போய் நிற்பார். அந்த இடைவெளி லீட் கிதாருடையது. அங்கே ஒருவன் சோலோ, அதாவது தனி ஆவர்த்தனம், வாசிப்பான். வாசித்து முடித்துப் பாட்டைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுப்பான். ஷானன்தான் பாடப்போகிறாள், பின்னணி ரிதம் கிதாரும் அவள்தான். அந்த இடைவெளியில் நிற்க எனக்கு ஆசை. வாழ்நாளில் ஒரே ஒருமுறை, நான் சத்தம் எழுப்பும்போது யாரும் சிரிக்காமல் கேட்க வேண்டும்.

துபாய் போன சித்தப்பா பையன் விட்டுப்போன கிதார் வீட்டில் இருந்தது. ஃபோனில் பார்த்து ஒரு சோலோவை அச்சு அசலாகக் காப்பியடித்தேன், நடுவில் அந்த ஆள் இருமியது உட்பட. தனியாக வாசித்தால் நானே எனக்குக் கைதட்டுவேன். ஷானன் கார்டு வாசிக்கத் தொடங்கியதும்தான் கோழி விழுந்தது.

அந்தக் கோழியைப் பிறகுதான் நன்றாகப் பார்த்தோம். தவிட்டு நிறம், கழுத்தில் மட்டும் வெள்ளை. அது யாரையும் கேட்காமல் படியிறங்கி, தண்டவாள ஓரமாகவே நடந்து, லெவல் கிராசிங் கேட் கேபினுக்குள் நுழைந்துவிட்டது. கேட் கீப்பர் மரகதக்கா அதைப் பார்த்து, "வா, வெயில்ல எங்க சுத்துற" என்றாளாம். அவ்வளவுதான் வரவேற்பு.

மறுநாள் டி கார்டு வரும் இடத்தில் இன்னொன்று. அதற்கு மறுநாள், பாட்டு மறுபடி ஜி-க்குத் திரும்பும்போது நான் திரும்பாத இடத்தில் ஒரு சேவல், அதுவும் சண்டைச் சேவல், விழுந்த வேகத்திலேயே என் முட்டியில் கொத்தியது. கொஞ்ச நாளில் கணக்கு பிடிபட்டது: சோலோவில் நான் தவறும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கோழி. அதே இடத்தில் மறுபடி தவறினால் புதுக்கோழி விழாது, இருக்கிற கோழி எங்கிருந்தாலும் அங்கேயே கொஞ்சம் பருக்கும். ஒரு சோலோவில் எத்தனை இடத்தில் தவற முடியும் என்று கேட்பீர்கள். என்னைக் கேட்காதீர்கள், காலனியைப் போய்ப் பாருங்கள்: கிணற்றடியில் கோழி, பைப்படியில் கோழி, யூனியன் ஆபீஸ் பீரோ மேல் கோழி, டி.டி.ஆர். வீட்டு வாஷிங் மெஷினுக்குள் அடைகாக்கும் கோழி.

கோழி எப்படி வந்தது என்று ஒரு ஆள் கேட்கவில்லை. யாருக்குச் சேரும் என்றுதான் கேட்டார்கள். யூனியன் செக்ரட்டரி சபாபதி அண்ணாச்சி கூட்டம் போட்டார். கோழி விழுந்த வீட்டுக்கே கோழி என்றது மோனா ஆன்ட்டி கட்சி. கிதார் வைத்திருப்பவன் அப்பனுக்கே கோழி என்றார் என் அப்பா. அது நடந்து போய் எந்த வீட்டில் நுழைகிறதோ அந்த வீட்டுக்கு என்று அண்ணாச்சி தீர்ப்புச் சொல்லி, சொன்ன கையோடு தன் வீட்டு வாசலில் கம்பு தூவி வைத்தார். குவார்ட்டர்ஸில் கால்நடை கூடாது என்று ஒரு இன்ஸ்பெக்டர் வந்தார். எல்லா வீட்டையும் முறைத்துப் பார்த்தார், காப்பி குடித்தார், திரும்பிப் போகும்போது அவர் கக்கத்தில் ஒரு கறுப்புக் கோழி இருந்தது.

ஒரே ஒரு தடவைதான் சமைத்தார்கள். ஷானனின் அப்பா மெல்வின் அங்கிள் அந்தச் சண்டைச் சேவலைப் பிடித்து விண்டாலு குழம்பு வைத்தார். அடுப்பில் சட்டியே ஒரு மாதிரி முனகியது என்று மோனா ஆன்ட்டி சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. அந்த ஞாயிறு கோயிலில் சாப்பிட்ட குடும்பம் முழுக்க எல்லாப் பாட்டையும் அரை ஸ்வரம் தள்ளியே பாடியது, பாதிரியார் ஆர்கன்காரரை முறைக்க, ஆர்கன்காரர் அழுதேவிட்டார். அதற்கப்புறம் கறி யாரும் தொடவில்லை. முட்டையில் ஒரு குறையும் இல்லை. காலனியே மஞ்சளாய்ச் செழித்தது. காலையில் ஆம்லெட், மத்தியானம் முட்டைக் குழம்பு, சாயங்காலம் முட்டை போண்டா, எல்லார் கன்னமும் உப்பி, ஒர்க்‌ஷாப் ஃபுட்பால் டீம் பல வருஷத்துக்குப் பிறகு ஒரு மேட்ச் ஜெயித்தது. தெருவில் போனால், என்னைப் பார்த்தால் குடத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் பெண்கள், "தம்பி, நல்லா இருக்கியாப்பா? இன்னைக்கு வாசிப்பியா?" என்றார்கள்.

"வேணும்னே தப்பா வாசியேன்" என்று அண்ணாச்சி ஒருநாள் யோசனை சொன்னார். வாசித்தேன். கன்னாபின்னாவென்று வாசித்தேன். கோழி என்ன, ஒரு இறகு கூட விழவில்லை. பக்கத்து வீட்டு நாய்தான் குரைத்தது. வேண்டுமென்று செய்த தப்பு வெறும் சத்தம். மனசார முயன்று தவறினால்தான் கோழி. ஆக, காலனி என் முயற்சியைப் போற்றியது, என் தோல்வியை அதைவிடப் போற்றியது.

ஷானன் மட்டும்தான் கடுப்பில் இருந்தாள்.

"டேய், மூணே வீடுடா. ஜி, சி, டி. நான் வீடு மாறினா நீயும் மாறணும். நான் சி வீட்டுக்குப் போய்ச் செருப்பையும் கழட்டியாச்சு, நீ இன்னும் ஜி வீட்டு சோபால உக்காந்து பக்கோடா தின்னுட்டிருக்க."

"அதே ஊர்தானே?"

"ஊரு ஒண்ணுதான். வாசல் வேற. ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு மூஞ்சி இருக்கு, அதோட மூணாவது நோட்டு, மூணாவது ஸ்வரம். அதைக் கேட்டாத்தான் சிரிக்குதா அழுவுதான்னு தெரியும். நான் கார்டு மாத்துற அந்த நேரம் அந்த மூஞ்சிக்கு நேரா போய் நில்லு. சோலோ உன் ஃபோன்ல இல்ல. நான் வாசிக்கிறதுல இருக்கு. முதல்ல என்னைக் கேளு."

அடுத்தவர் குரலைக் காப்பியடித்தே பிழைத்தவன் நான். இதுவரை யாரையுமே கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. உறைத்ததைக் காட்டிக்கொள்ளாமல் மோனா ஆன்ட்டி குரலில், "வாட் மேன், லெக்சர் குடுக்கிறே?" என்றேன். உள்ளே இருந்து மோனா ஆன்ட்டியே, "நான் இங்க இருக்கேன், ராஸ்கல்!" என்றார்.

கேட்கத் தொடங்கினேன். அவள் கை நகர்வதற்கு ஒரு மூச்சு முன்னால் அவள் தோள் லேசாகத் தாழும். அதைப் பிடித்துக்கொண்டு ஒருநாள் சி கார்டின் மூஞ்சியில் சரியாகப் போய் நின்றேன். அறையே ஒரு கணம் அகலமானது போல இருந்தது. அந்த நேரம் அண்ணாச்சி வீட்டில் முட்டையிட உட்கார்ந்திருந்த கோழி காணாமல் போனது. முட்டை பாதி வந்த நிலையில் கோழி மட்டும் இல்லை. முட்டை தன்பாட்டுக்கு மீதி தூரத்தைக் கடந்து தரையில் வந்து உட்கார்ந்ததாக அண்ணாச்சி வீட்டம்மா தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

நோட்டு சரியாக விழுந்தால் அந்த இடத்துக் கோழி மறைந்து, வந்த வீட்டுக்கே திரும்பிவிடும். சேதி சாயங்காலத்துக்குள் பரவியது.

அன்றுமுதல் உலகத்தில் எந்தப் பிள்ளைக்கும் கிடைக்காத அறிவுரை எனக்குக் கிடைத்தது. "அவசரப்பட்டு முன்னேறிடாத தம்பி." "எல்லாரும் திறமைசாலி ஆகி என்ன பண்ணப் போறாங்க?" "உடம்பைப் பாத்துக்க, ரொம்பப் பிராக்டிஸ் பண்ணாத." என் அப்பா ரயில் எஞ்சின் ஓட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார், அவரே தட்டில் ஆம்லெட்டை மடித்துக்கொண்டு, "ஜென்மத்துல முதல் தடவையா உன் தப்பால ஊருக்குப் பிரயோஜனம் வந்திருக்கு. அதையும் கெடுத்துக்காத" என்றார்.

ஷானன் வேறு சொன்னாள். "கல்யாணத்துல எங்கண்ணன் ஆடுறப்ப மேலேர்ந்து கோழி விழுந்தா உன்னைக் கொன்னுடுவேன். சுத்தமா வாசிக்க முடியலன்னா இப்பவே சொல்லு, சோலோவை கீபோர்டுக்குக் குடுத்துடுறேன்."

"கோழியெல்லாம் போயிடும், ஷானன். ஊரே என்னைத் திட்டும்."

"இப்ப மட்டும் கொஞ்சுதா? முட்டையைக் கொஞ்சுது."

கீபோர்டு என்ற வார்த்தைதான் என்னைக் கொன்றது. உட்கார்ந்தேன். விரல் நுனி தோலுரிய உட்கார்ந்தேன். ஒவ்வொரு இடமாகச் சரியாக, ஒவ்வொரு கோழியாகப் போக, ஜனம் என் அம்மாவிடம் பேச்சை நிறுத்த, பயந்துபோய்ச் சில நாள் மறுபடி தடுமாற, போன கோழிகள் குஞ்சாகத் திரும்பி வந்து மளமளவென்று வளர, இப்படியே ஏற்றமும் இறக்கமுமாகக் கல்யாணம் நெருங்கிவிட்டது. ஒரே ஒரு இடம்தான் ஒருநாள்கூட வசப்படவில்லை: சோலோவின் கடைசி நோட்டு. ரெண்டாவது கம்பியில், பத்தாவது கட்டத்தில் விரலை வைத்து, கம்பியை மேலே தள்ளி, அழுகிற குரல் மாதிரி இழுத்து, ஜி கார்டின் மூஞ்சிக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். முதல்நாள் இந்த இழுப்பைத்தான் எட்ட முடியாமல், ஷானன் சி-க்கே போய்ச்சேர்ந்த பிறகும் பாதியில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். ஒவ்வொரு முறையும் மயிரிழை கீழேயே நின்றது. அதற்கான கோழிதான் முதல் கோழி, மரகதக்காவுடையது. அது பூசணிக்காய் கணக்காகப் பருத்திருந்தது.

கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கேட் கேபின் பின்னால் ஒளிந்துகொண்டு, செக்‌ஷன் இன்ஸ்பெக்டர் குரலில், "யாரும்மா டூட்டில கோழி வளர்க்கிறது?" என்றேன்.

"உள்ள வா அறவாழி" என்றாள் மரகதக்கா, திரும்பிக்கூடப் பார்க்காமல். "இன்ஸ்பெக்டருக்கு மூக்கு அடைச்சிருக்கும். உனக்கு அடைக்கல."

என் வித்தையில் ஓட்டை கண்டுபிடித்த முதல் ஆள். உள்ளே போனேன். கோழி அவள் மேசைமேல் சிவப்புக் கொடிக்கும் பச்சைக் கொடிக்கும் நடுவே உட்கார்ந்திருந்தது. அவள் புருஷன் சூரத்துக்கு வேலைக்குப் போய் ஃபோன் நம்பரை மாற்றிவிட்டது காலனிக்கே தெரியும். அதைப்பற்றி அவள் பேசி யாரும் கேட்டதில்லை.

"இது பேசுறதுக்கு எல்லாம் பதில் சொல்லுது" என்றாள். "வண்டிச் சத்தத்துல இத்தனை வருஷமா நான் பேசுறது எனக்கே கேக்காது. இப்ப, இன்னைக்கு என்ன குழம்புன்னு கேட்டா கொக்குங்குது. சரி, புளிக்குழம்புன்னு வச்சுக்கிறேன்."

கோழி, "கொக்" என்றது.

"கல்யாணத்துல வாசிக்கிறியாமே."

"ஆமாக்கா."

"நல்லா வாசி. ஒண்ணே ஒண்ணு. மூணு மணி பாசஞ்சர் போனப்புறம் ஆரம்பிங்க. டூட்டி முடிஞ்சதும் இதையும் தூக்கிட்டு வந்துர்றேன். போறதுன்னா என் கையிலேர்ந்தே போகட்டும்."

வேறு யாராவது என்றால் அவர்கள் குரலிலேயே ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அவள் குரலை நான் அதுவரை எடுத்ததே இல்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

ஞாயிறு. பாசஞ்சர் போனது. டெரிக்கும் மணப்பெண்ணும் கேக் வெட்டினார்கள். காலனி வந்திருந்தது, கோட்டிலும் பட்டிலும், மீதமிருந்த அத்தனை கோழிகளையும் குளிப்பாட்டி, ரிப்பன் கட்டி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. என் மனசைக் கரைக்கத்தான். முதல் வரிசையில் அண்ணாச்சி தன் கடைசிக் கோழியை எனக்கு நேராகத் தூக்கிக் காட்டி, "இதோட மூஞ்சியைப் பாத்து வாசி, பாப்போம்" என்றார். பாட்டு தொடங்கியதும் எல்லோரும் ஆட்டத் தளத்தில் இறங்கினார்கள். பாட்டு நடுவில் தளத்தை விட்டுப் போவது எங்கள் காலனியில் மணமக்களுக்குச் செய்கிற அவமரியாதை. அதனால் கோழியோடு ஆடினார்கள்.

ஷானன் பாடினாள். விட்டுப் போன பெண்டாட்டி, தார் ரோடு, தூரத்து லாரி. பிறகு மைக்கை விட்டு ஒரு அடி பின்னால் நின்றாள். அவள் தோள் தாழ்ந்தது.

சி-யின் மூஞ்சியில் போய் நின்றேன். டி.டி.ஆர். கையிலிருந்த கோழி இல்லை. டி-யின் மூஞ்சியில் போய் நின்றேன். மோனா ஆன்ட்டி கக்கம் காலி. ஜி-க்குத் திரும்பினேன், மறுபடி சி, வாசல் வாசலாக, படி தவறாமல், நானா வாசிக்கிறேன் என்று நானே எட்டிப் பார்க்கும் அளவுக்கு. கோழிகள் ரிப்பனை மட்டும் விட்டுவிட்டு ஒவ்வொன்றாகப் போயின. ஜனம் திட்ட வாயெடுத்தது, ஆனால் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, தளத்தை விட்டு நகர முடியாது, கோழி பிடித்த கை பிடித்தபடி வளைந்தே நிற்கிறது. வளைந்த கையை எவ்வளவு நேரம்தான் சும்மா வைத்திருப்பது? டி.டி.ஆரின் வளைவுக்குள் அவர் மனைவி வந்து நின்றாள். மெல்வின் அங்கிள் மோனா ஆன்ட்டியைப் பிடித்தார். என் அப்பா, எஞ்சின் தவிர எதையும் தொடாதவர், என் அம்மாவின் தோளில் கை வைத்து எஞ்சின் மாதிரியே ஆடினார். அண்ணாச்சி வீட்டம்மா, "கோழி போனாத்தான் என் ஞாபகம் வருமாக்கும்" என்றபடி அண்ணாச்சியின் காலை மிதித்தாள். ஹால் முழுக்க ஜோடி. யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. யாரும் என்னைப் பார்க்கவே இல்லை. சோலோ என்றால் இதுதான் போல.

கடைசி நோட்டு மீதி இருந்தது. ரெண்டாவது கம்பி, பத்தாவது கட்டம். விரலை வைத்துத் தள்ளினேன். கம்பி ஏறியது, என்றைக்கும் ஏறாத லாகவத்தில் ஏறியது, இன்னும் ஒரு மயிரிழைதான். அப்போது ஜன்னலைப் பார்த்தேன். மரகதக்கா யூனிஃபார்மோடு வெளியே நின்றிருந்தாள். கோழியை ரெண்டு கையாலும் அணைத்து, கண்ணை மூடி, போவதற்குத் தயாராக. அவள் பக்கத்தில் யாரும் இல்லை.

விரல் நின்றது.

மயிரிழை கீழேயே நின்ற அந்த நோட்டு ஹால் முழுக்க நீண்டு, மெல்ல அடங்கியது. ஷானன் என்னை முறைத்துக்கொண்டே முன்னால் வந்து பாட்டை வாங்கிக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே, "கொக்."

"எல்லாம் சரி, கடைசில கோட்டை விட்டுட்டான்" என்றார் அண்ணாச்சி பந்தியில். எல்லோரும் ஆமோதித்தார்கள்.

"வேணும்னுதான் விட்டேன்" என்றேன். காரணமும் சொன்னேன். அவ்வளவு பெரிய சிரிப்பை என் மிமிக்ரிக்குக்கூட அவர்கள் சிரித்ததில்லை. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இது யார் குரல்டா?" என்றாள்.

ஷானன் மட்டும் சிரிக்கவில்லை. "ஈசியாக் கண்டுபிடிக்கலாம்" என்றாள். "வேணும்னு செஞ்ச தப்பால ஒண்ணும் ஆகாது. நிஜமாவே எட்டலன்னா கோழி பருத்திருக்கும். வா."

கேபினுக்குப் போனோம். கோழி மேசைமேல் கல்யாண கேக் தின்றுகொண்டிருந்தது. மரகதக்கா அதைத் தூக்கிக் கையில் நிறுத்துப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி நிறுத்துப் பார்த்தாள்.

"கொஞ்சம் கனமாத்தான் தெரியுது தம்பி" என்றாள்.

"கேக்கு!" என்றேன். "கேக்குனால!"

"இருக்கும் இருக்கும்" என்றாள் ஷானன். பேண்டில் என் இடம் நிச்சயம் என்றாள். அந்தக் கடைசி இழுப்பை மட்டும் தினமும் உட்கார்ந்து பழகு என்றாள். உட்காருகிறேன். அந்த இடம் வந்ததும் மயிரிழை கீழேயே நிறுத்திவிடுகிறேன். என்னால் எட்ட முடியும். எட்டிக் காட்டு என்கிறீர்களா? காட்டலாம்தான், ஆனால் இந்நேரம் கேட் மூடியிருக்கும், மரகதக்கா குழம்பு பற்றிக் கேட்டுக்கொண்டிருப்பாள், கோழி பதில் சொல்லிக்கொண்டிருக்கும், நடுவில் பேச்சை வெட்டுவது மரியாதையில்லை பாருங்கள்.